பூட்டுப் படம் போட்ட பக்கம்

எங்கள் மில்லின் வெப்சைட் ஆறு வருடத்தில் ஒருநாள்கூடப் படுத்ததில்லை சார். குமாரபாளையத்துப் பக்கம் வேறெந்த ஸ்பின்னிங் மில்லிலாவது இப்படிச் சொல்லச் சொல்லுங்கள், பார்ப்போம்.

என்னை, சிவக்குமாரை, சொன்னாலே சர்வர் என்றுதான் அங்கே பேச்சு. சைட்டின் வாசலில் ப்ராக்ஸி என்று ஒரு சாஃப்ட்வேர் வைத்திருக்கிறேன். ஓப்பன் சோர்ஸ், யார் வேண்டுமானாலும் சும்மா இறக்கிக்கொள்ளலாம். வருகிற கோரிக்கையை அது வாங்கி, எந்தக் கம்ப்யூட்டருக்குப் போக வேண்டுமோ அங்கே தள்ளும், பதிலையும் தானே கொண்டுவந்து கொடுக்கும். பதில் எங்கிருந்து வந்தது என்று கேட்டவருக்குத் தெரியாது. பக்கத்தின் மேலே தெரியும் பூட்டுப் படத்துக்கான சான்றிதழைக்கூட அதுவே வாங்கி அதுவே புதுப்பித்துக்கொள்ளும். தங்கமான சாமான்.

எங்கள் சைட்டில் பெண் தொழிலாளர்களுக்கு ஒரு புகார்ப் பக்கம் உண்டு. எழுதினால் சேலத்தில் வக்கீல் நர்மதாவின் குழுவுக்குப் போகும். ஆனியில் ஒரு மத்தியானம் அபிநயா என் அறைக்கு வந்தாள். ஓமலூர்ப் பக்கத்துப் பெண், இருபத்திரண்டு வயது, ஹாஸ்டலில் தங்கி வேலை பார்த்தவள். "அண்ணா, இதுல எழுதுனா மில்லுல யாரும் பார்க்க முடியாதுதானுங்க?" என்று போனை நீட்டினாள்.

"மேல பூட்டு இருக்குது பாரு சாமி. ஒருத்தரும் பார்க்க முடியாது, தைரியமா அனுப்பு" என்றேன்.

அவள் தட்டிவைத்திருந்ததில் சூப்பர்வைசர் காளிதாஸின் பெயர் இருந்தது. கையைப் பிடிக்கிறான், ஷிப்ட் முடிந்தும் நிற்கச் சொல்கிறான், அந்த மாதிரி. அவனுக்கும் என் தங்கை ஜோதிக்கும் நிச்சயம் முடிந்து பத்திரிகை அடிக்கக் கொடுத்திருந்த நேரம் சார். எவளோ நாலு வரி தட்டினால் என் தங்கை வாழ்க்கை போக வேண்டுமா?

அவள் படியிறங்குவதற்குள் ப்ராக்ஸியில் இரண்டு வரி மாற்றினேன். சைட்டை நிறுத்தவே வேண்டியதில்லை, ஓடிக்கொண்டே புது வழியை எடுத்துக்கொள்ளும். புகார் என் லேப்டாப்புக்கு வந்தது. நர்மதா மேடம் மாதிரி நானே பதில் எழுதினேன். மரியாதையாகத்தான் எழுதினேன். பதினோரு முறை எழுதினாள், பதினோரு முறையும் அன்றைக்கே பதில் போனது. எந்தக் குழு இப்படிச் செய்யும்? ஊருக்கே போய்விடட்டுமா என்று ஒருதரம் கேட்டாள். ஊரில் வாயைத் திறந்தால் கல்யாணம் என்னாவது? போனால் புகார் செல்லாது என்று எழுதினேன். பாவம், இருந்துவிட்டாள்.

கல்யாணத்துக்கு ஒன்பது நாள் இருக்கும்போது அவள் புகாரைக் காளிதாஸின் காதில் போட்டுவைத்தேன். வீட்டு மாப்பிள்ளையாகப் போகிறவரிடம் மறைப்பது முறையா? மறுநாள் பகல் ஷிப்டில் அவளைத் தேடிக்கொண்டு போனான். அவள் எங்கேயோ ஒளிந்துகொண்டு மேடத்துக்கு எழுதினாள். எங்கே இருக்கிறீர்கள், ஆள் அனுப்புகிறோம் என்று பதில் போட்டேன்.

பஞ்சு மூட்டைகளுக்கு நடுவிலிருந்து அவள் உடலை எடுத்தது நீங்கள்தான் சார். அந்த இடம் காளிதாஸுக்கு எப்படித் தெரிந்தது என்று இரண்டு நாளாகக் கேட்கிறீர்கள். அவள் கடைசியாக எழுதியதை நான் அழிக்கவில்லை: "பழைய குடோன்ல மூட்டைக்குப் பின்னால இருக்கேனுங்க மேடம். சீக்கிரம் வாங்க. யார்கிட்டயும் சொல்லிராதீங்க."

அவள் கேட்டுக்கொண்டபடி நான் யாரிடமும் சொல்லவில்லை சார். மாப்பிள்ளையிடம் மட்டும்தான் சொன்னேன்.