பிடிமண்ணுக்குத் தாகம்

— காலை அங்க வைக்காதீங்க மதினி. இங்கிட்டு வாங்க, பாறை மேல நில்லுங்க.

— இம்புட்டு நாளா இங்கனதான் நிக்கிறேன். இன்னிக்கு வெள்ளைத்துரை வந்துட்டான்னு மண்ணு என்னைய முழுங்கிருமாக்கும்?

— முழுங்கும். இங்க குழி விழுந்துருக்குன்னு கேள்விப்பட்டு, அதைச் சொல்லத்தான் உசிலம்பட்டியில பஸ்ஸை விட்டு இறங்கி, டீகூடக் குடிக்காம ஓடியாந்தேன்.

— வீட்டுலயும் டீ கேக்காத. எங்க கிணத்துத் தண்ணியில டீ போட்டா வாயில வைக்க விளங்காது.

— எப்பலருந்து இப்படி?

— பீடம் போட்ட மறுவருசத்துலருந்து. துவரம்பருப்பு உலையில கிடந்து கொதிக்குது, வேகமாட்டேங்குது. சோப்பைப் போட்டா நுரை வாரதில்ல. மாமா ஒரு வாய் குடிச்சுட்டு, 'கசக்குது, இதுல என்னத்தப் போட்ட'ங்கிறாரு. நான் என்னத்தப் போட்டேன்? உங்க அண்ணன் பேருல ஒரு பீடத்தைப் போட்டேன், அம்புட்டுத்தான்.

— அந்தப் பீடம் எங்க மதினி?

— நீ பார்த்துக்கிட்டுத்தான நிக்கிற. இந்தக் குழிக்குள்ளதான். முதல்ல முழங்கால் உசரம் நின்னுச்சு. பெறகு தரையோட தரையாச்சு. இப்ப குனிஞ்சு எட்டிப் பார்த்தா, அடியில பீடத்துக்குக் கட்டுன மஞ்சத்துணி மட்டும் தெரியும்.

— ஆண்டவனே. நான் எடுத்தாந்தது ஒரு கைப்பிடி மதினி. கைலி ஓரத்துல முடிஞ்சு எடுத்தாந்தேன்.

— பின்ன? பொணம் கிடைக்கலைன்னா செத்த எடத்துலருந்து பிடிமண் எடுத்தாந்து பீடம் போடணும், அதான நம்ம வழக்கம். 'எம்மகன் தங்கப்பாண்டி கண்காணாத பாலைவனத்துல அலையக்கூடாது, வீட்டுச் சாமியா வந்து உக்காரட்டும்'னு மாமாதான் உன்கிட்ட கேட்டாரு. நீயும் கொண்டாந்த. கம்மாய்க் கரம்பை மண்ணுல அதைக் கலந்து, பூசாரி பேச்சிமுத்து கையாலயே பிடிச்சு வச்சாரு. இதுல என்ன தப்பு?

— வழக்கம் தப்பில்ல. மண்ணு தப்பு.

— மண்ணுல என்னப்பா நம்ம மண்ணு, அரபுக்காரன் மண்ணு?

— இருக்கு மதினி, கேளுங்க. அண்ணனும் நாங்களும் வேலைக்குப் போயிக் கேம்ப் போட்டிருந்த எடம் பூராம் வெள்ளை. வெயில் ஏறிட்டா கண்ணாடிச் சில்லைக் கொட்டி வச்ச மாதிரி மினுங்கும். ஒரு சில்லை எடுத்து நகத்தால கீறுனாக் கோடு விழுகும், அம்புட்டு மெது. ஆனா காஞ்சு கிடக்கையில அது மேல லாரி போகும், கிரேன் போகும், அசையாது. கடப்பாறையைப் போட்டாத் திருப்பி அடிக்கும். ஜிப்சம்னு இஞ்சினியர் சொன்னாரு.

— ஜிப்சமா? இதென்ன அதிசயம். வருசா வருசம் கடலைக்கு மூடை மூடையாப் போடுறோம். காய் நல்லாத்தான் பிடிக்குது.

— நீங்க தூவுறீங்க. அங்க பூமியே அதுதான். செடி முளைச்சாலும் வேரு கீழ இறங்காது, மேலாகவே தவழும். சிமெண்டுத் தளம் போட்டாலும் கொஞ்ச நாள்ல பொருக்குப் பொருக்கா உதிரும். கை ஒடிஞ்சா மாவுக்கட்டுப் போடுறாங்கல்ல, அந்த மாவுகூட இந்தக் கல்லைச் சுட்டு அரைக்கிறதுதான். தண்ணியில குழைச்சதும் கல்லா இறுகிப் பிடிச்சுக்கிரும்.

— தண்ணி பட்டா இறுகுமா? அப்ப நல்ல மண்ணுதான.

— சுட்டா அந்தக் குணம். பச்சையாக் கிடந்தா வேற குணம். தண்ணி பட்டுச்சுன்னா, கல்கண்டு மாதிரி அடியில கரைஞ்சு போகும். அங்க மழை கிடையாது, அதனால பூமி நிக்குது. தண்ணி தேங்குன எடத்துல மேல் ஓடு மட்டும் இருக்கும், கீழ வெத்துப் பானை. பார்த்தா ஒண்ணும் தெரியாது. தட்டுனாத்தான் டொம்முன்னு கேக்கும்.

— டொம்முன்னா?

— ஆமா. எங்க கேம்ப்புல குளிக்கிற தண்ணி, பாத்திரம் கழுவுற தண்ணி அம்புட்டும் ஒரே எடத்துல மாசக்கணக்காப் போயிக்கிட்டு இருந்துச்சு. அங்கதான் அண்ணன் காலை வச்சாரு.

— அதை அன்னைக்கே சொல்லிட்டியே. தரை திறந்துச்சு, உள்ள போனாரு, மூடிருச்சுன்னு.

— அதுக்கு நடுவுல ஒண்ணு இருக்கு. அது பெறகு சொல்றேன். முதல்ல நீங்க சொல்லுங்க, இந்தப் பீடத்துக்குத் தண்ணி ஊத்துனீங்களா?

— ஊத்தாம இருப்பனா? பாலைவனத்துல செத்த ஆளு, தாகம் இருக்காதா? முதல்ல வெள்ளிக்கிழமைக்கு ஒரு செம்பு ஊத்துனேன். பெறகு அவரே கேக்க ஆரம்பிச்சுட்டாரு. இப்ப தினம் குடம் குடமா ஊத்துறேன்.

— யாரு கேக்க ஆரம்பிச்சாரு?

— உங்க அண்ணன்தான். இந்தக் குழிக்குள்ளருந்து. உச்சிப் பொழுது ஆகவும் கூப்பிட்டுத் தண்ணிம்பாரு. நீயும் சிரிக்கப் போறியா?

— நான் சிரிக்கல மதினி. வேற ஆருக்காவது கேட்டுச்சா?

— மாமாவுக்குக் காது மந்தம். மத்தவுக வந்து நின்னா ஒண்ணுமே இல்ல. 'புள்ளைக்குப் புத்தி பெசகிப் போச்சு'ன்னு எங்க அண்ணன் கொட்டாம்பட்டியிலருந்து வேன் எடுத்துட்டு வந்து கூப்பிட்டாரு. நான் போகல. நான் போயிட்டா இவருக்கு ஆரு தண்ணி ஊத்துறது?

— உங்களை என்னன்னு கூப்பிடுறாரு?

— பேரச் சொல்லித்தான். சுபலட்சுமின்னு, முழுப்பேரும்.

— அண்ணன் என்னைக்கு மதினி உங்க பேரச் சொல்லிருக்காரு? 'இந்தா'ம்பாரு. கேம்ப்புலருந்து போன் போட்டாக்கூட 'இந்தா, நான்தான்'னுதான் ஆரம்பிப்பாரு. நாங்க அம்புட்டுப் பேரும் சுத்தி நின்னு கேலி பண்ணுவோம்.

— கூடக் குடும்பம் நடத்துனவ, எனக்குத் தெரியாதா? உசிரோட இருந்தவரைக்கும் ஒரு தரமாவது பேரச் சொல்லிக் கூப்பிட மாட்டாரான்னு ஏங்கிக் கிடந்தேன் தம்பி. செத்தாவது கூப்பிட்டாரே. முதநாள் கேட்டப்ப இங்கனயே உக்காந்து சிரிச்சேன். அம்புட்டுச் சந்தோசம் எனக்கு.

— மதினி, உங்க காலுக்குப் பக்கத்துல பாருங்க. மினுங்குதே, அது என்ன?

— அந்தச் சில்லா? முதல்ல பீடத்தைச் சுத்தித்தான் கிடந்துச்சு. ஒவ்வொரு மழைக்கும் கொஞ்சம் தள்ளித் தள்ளிப் போகுது. இந்த வருசம் கடலை பூராம் மஞ்சளடிச்சுப் போச்சு. எறும்புகூட இந்தப் பக்கம் அண்டுறதில்ல.

— ஒரு கைப்பிடி மண்ணு இந்த வேலை செய்யாது மதினி. எந்த இஞ்சினியரைக் கேட்டாலும் சொல்லுவான். அதுக்குக் கரையத்தான் தெரியும். வளரத் தெரியாது.

— அதைத்தான் நானும் சொல்றேன். மண்ணு வரல. அவரு வாராரு. கொஞ்சம் கொஞ்சமா, வீட்டைப் பார்த்து வாராரு.

— வீட்டைப் பார்த்தா?

— நேத்து அடுப்படியில உலக்கையைக் கீழ வச்சேன். நீ இப்பச் சொன்னியே, அதே சத்தந்தான்.

— இன்னிக்கே சாமானை எடுங்க. உங்க மாமாவையும் கூட்டிக்கிட்டு எங்க வீட்டுக்கு வாங்க, எடம் இருக்கு. இந்தக் குழியில இனி ஒரு சொட்டு விழுகக்கூடாது. காஞ்சுட்டா அடங்கிரும். மேல தகரத்தைப் போட்டு மூடிருவோம்.

— அங்க மூடுனது பத்தாதுன்னு இங்கயும் மூடணுமா?

— அப்படிச் சொல்லாதீங்க மதினி.

— கோவிச்சுக்காத தம்பி, வாயில வந்துருச்சு. ஆனா ஒண்ணு கேட்டுக்க. எனக்கு என் புருசன் வேணும். வீடு போனாப் போகுது, கடலை போனாப் போகுது. நேத்து அவரு குடம் பத்தலைன்னுட்டாரு. அதான் விடியவுமே மோட்டாரைப் போட்டு, பைப்பை அந்தப் பக்கமா இந்தக் குழிக்குள்ள இறக்கி விட்டுட்டேன்.

— அந்த மோட்டார் சத்தமா? வயலுக்குப் பாயுதுன்னுல நினைச்சேன்.

— இம்புட்டு நேரமாப் பாயுது, குழி நிறையவே இல்ல. எம்புட்டுத் தாகம் பாரு.

— நிறுத்துங்க மதினி. உங்க காலைப் பிடிக்கிறேன், நிறுத்துங்க.

— தாகத்துக்குத் தண்ணி குடுத்தா உனக்கு ஏன் இப்படி வேர்க்குது?

— நடுவுல ஒண்ணு இருக்குன்னேன்ல, சொல்லிர்றேன். அண்ணன் உடனே போகல. இடுப்பு வரைக்கும் இறங்கி மாட்டிக்கிட்டாரு. நாங்க கயிறு போட்டு இழுத்தோம், சுத்தி இருந்த மண்ணு கவ்விக்கிட்டு விடல. ஃபோர்மேன் வேலைக்குப் புதுசா வந்து சேர்ந்தவன். மண்ணை இளக்கிட்டா ஆளை உருவிரலாம்னு தண்ணி டேங்கரைக் கொண்டாரச் சொன்னான். அண்ணனுக்கு அந்த மண்ணைப் பத்தித் தெரியும். ரெண்டு கையையும் கூப்பிக்கிட்டு, 'தண்ணி வேணாம், சாமி, தண்ணி மட்டும் ஊத்தாதீங்க'ன்னு அழுதாரு. அவனுக்குப் பாஷை புரியல. நாங்க தடுக்கத் தடுக்கத் திறந்து விட்டுட்டான்.

— தம்பி...

— அண்ணன் தாகத்துல சாகல மதினி. தண்ணிதான் அவரைக் கொண்டு போச்சு. அன்னைக்கு உங்க மூஞ்சியப் பார்த்து அதைச் சொல்ல எனக்குத் தெம்பு இல்ல. அவரு எங்க இருந்தாலும் தண்ணி மட்டும் கேக்க மாட்டாரு.

— அப்ப என்னையச் சுபலட்சுமின்னு கூப்பிட்டது?

— அவரு இல்ல மதினி.

— அவரு இல்லையா.

— இல்ல.

— போயி மோட்டாரை அமத்து தம்பி. நான் இந்தப் பாறை மேல ஏறிக்கிறேன்.

— போறேன். நீங்க பாறையை விட்டு இறங்காதீங்க.

— நில்லு. உச்சியாயிருச்சு. பேசாம இரு, குழிக்குள்ள கேக்குதா பாரு.

— எனக்கு ஒண்ணும் கேக்கலையே மதினி. இருங்க, குழிக்குள்ளருந்து என்னமோ கேக்குது.

— வெள்ளைத்துரை, அவ பாட்டுக்கு ஊத்திக்கிட்டுத்தான இருந்தா. அவகிட்ட அதை ஏண்டா சொன்ன?