மூன்று அங்குலக் காயம்

— இப்படி முறைச்சா நெசமாவே காயம் பட்டுரும். அப்புறம் உங்களுக்கு இங்க சோலியே இருக்காது, மேடம்.

— ரஷாத் மச்சான், நீ எங்க இங்க?

— அடிபட்டு வந்துருக்கேன். பஸ்ஸு பேத்துப்பாறை வளைவுல உருண்டுருச்சாம்ல. நான் அதுல ஒம்பதாம் நம்பர் சீட்டு. ஷூட்டிங்குக்கு ஆள் புடிக்கிற பழனிக்குமார் சொல்லித்தான் எனக்கே தெரியும்.

— விளையாடாத. வெளிய நூறு பேரு நிக்கிறாங்க. எங்க மேக்கப் சீஃப் பாத்தாருன்னா...

— அவரு பாத்துத்தான் அனுப்பிவிட்டாரு. 'நல்ல அடிபட்ட மூஞ்சி'ன்னாரு. காயம் வைக்கிறதுக்கு முன்னாடியே, சப்ரின். முப்பத்திரெண்டு வருசத்துல என் மூஞ்சிய நல்லாருக்குன்னு வாயத் தொறந்து சொன்ன மொத ஆளு அவருதான்.

— மெதுவாப் பேசு. தார்ப்பாய்க்கு அந்தாண்டதான் உக்காந்துருக்காரு.

— கூட்டத்துல நிக்கத்தான் பேரு குடுத்தேன். கூட்டத்துக்கு ஆளுக்கு ஒரு ஒத்து பவுடராம், அடுத்த ஆளு வான்னு தள்ளி விட்டுருவாங்களாம். காயம்னா முக்கா மணி நேரமாம். கையத் தூக்கிட்டேன்.

— எதுக்கு?

— எதுக்குன்னா... நாற்காலி தர்றாங்கல்ல. காலு வலிக்குது.

— ம். நிமிந்து உக்காரு. மொதல்ல மூஞ்சியத் தொடைக்கணும்.

— ஆத்தீ, ஐஸாட்டம் இருக்கு! இதென்ன, ஏரித் தண்ணியா?

— லோஷன். அசையாத. என்ன இது, பஞ்சு மஞ்சளா வருது?

— எங்க?

— காதோரம். முடிக்குக் கீழயும் இருக்கு.

— அது... மாம்பழச் சாக்லேட்டு. இந்த சீசனுக்குப் புதுச் சரக்கு. காலையில கிண்டும்போது தெறிச்சிருக்கும்.

— சாக்லேட் வாசமே இல்லையே.

— எங்க கடைச் சாக்லேட்டுல என்னைக்கு புள்ள சாக்லேட் வாசம் அடிச்சிருக்கு? டூரிஸ்ட்டே கேக்குறதில்ல, நீ கேக்குற.

— ம்.

— என்ன 'ம்'? சிரிக்கணும். ஊருல எல்லாரும் சிரிப்பாங்க.

— இன்னைக்கு எனக்குச் சிரிக்க நேரமில்ல மச்சான். இந்தக் காயம் எனக்குப் பரீட்சை. கன்னத்துல மூணு இஞ்சு கிழிசல், க்ளோசப். அது கேமராவுல நின்னுச்சுன்னா அடுத்த படத்துல சீஃப் என்னைய மேக்கப் அசிஸ்டென்ட்டா எடுத்துக்குவாரு. டைட்டில்ல பேரு வரும்.

— அப்ப இத்தன நாளா டைட்டில்ல யாரு பேரு வந்துச்சு?

— யாரு பேரோ. நான் தலைதான சீவுனேன். கோர்ஸு முடிச்சு சர்ட்டிபிகேட்டோட போய் நின்னா, 'பொம்பளப் புள்ளையா, ஹேர் சைடுல நில்லு'ன்னாங்க. நாலரை வருசம் கொண்டை போட்டு, கொண்டையப் பிரிச்சு, திரும்பக் கொண்டை போட்டேன். மூஞ்சியத் தொடுறது இதான் மொதத் தடவ.

— என் மூஞ்சியா மொதத் தடவ? ஏ புள்ள, ஒனக்கு நன்றியே இல்ல! நீ மெட்ராஸ் போறதுக்கு முந்தியே இந்த மூஞ்சியிலதான படிச்ச. பீட்ரூட்டும் கண்மையும் வச்சு ஒரு கண்ணு வீங்குன மாதிரி போட்டு விட்டியே, மறந்துருச்சா?

— அது சின்னப்புள்ள வெளாட்டு.

— ஒனக்கு வெளாட்டு. நான் அந்தக் கண்ணோட கடையத் தொறந்தேன். ஜுபைர் சித்தப்பா வந்து 'எவன்டா அடிச்சது'ன்னாரு. பேச்சுக்குப் பக்கத்துக் கடை சிவமுருகனக் காட்டுனேன். அவரு நேரா போயி அந்தாளு சட்டையப் புடிச்சுட்டாரு. சிவமுருகன் பாவம், அன்னைக்கெல்லாம் தைல பாட்டிலத் தொடச்சுக்கிட்டு, 'நானா அடிச்சேன், எப்ப அடிச்சேன்'னு தன்னையே கேட்டுக்கிட்டு இருந்தாரு.

— அப்புறம் நான்தான மூஞ்சிய கழுவி விட்டுக் காட்டுனேன்.

— கழுவி விட்ட. அன்னைக்கும் இப்பிடித்தான் கை சில்லுன்னு இருந்துச்சு.

— தலையச் சாய். மெழுகு வைக்கப் போறேன்.

— சப்ரின், நான் ஒரு விசயம் சொல்லணும்னுதான்...

— பேசாத. கன்னம் அசைஞ்சா மெழுகு விரியும்.

— ம்ம்.

— நான் பேசுறேன், நீ கேளு. மெட்ராஸ்ல எங்க செட்டுல மிஸ்ட் போட ஒரு மெஷின் இருக்கு. பொகையக் கக்கும். அது வந்தாலே எனக்கு நம்ம ஏரிக்கரை ஞாபகம் வந்துரும். கூடவே இருமலும் வரும். எல்லாரும் பொகைன்னு மூக்கப் பொத்துவாங்க, நான் மட்டும் அதுக்குள்ள போய் நிப்பேன். லூசுன்னு பேரு வச்சிருக்காங்க.

— ம்ம்ம்!

— என்ன?

— இங்க நெசமான மிஸ்ட் ஓசியில கெடக்குன்னேன். பேசலாமா?

— பேசிட்டியே. மாமி எப்பிடி இருக்கு?

— அம்மாவா? நல்லாருக்கு. வீட்டுல ஒரே சொந்தக்காரக் கூட்டம். கம்பத்துலேர்ந்து, தேனியிலேர்ந்து. எனக்குப் படுக்கவே எடமில்ல.

— எதுக்கு இத்தன பேரு?

— சீசன்ல கொடைக்கானல்ல வீடு வச்சிருக்கிறவன் வீட்டுக்கு எதுக்கு வருவாங்க? ரூமு வாடகை மிச்சம்ல. பண்ணைக்காட்டு ஆலிமா அக்கா ஜீப்புல ரெண்டு வாழைத்தாரோட வந்து எறங்கியிருக்கு.

— என்னையப் பத்தி மாமி பேசுமா?

— பேசும். வாய்க்குள்ள. போன வருசம் ஒன்கிட்ட போன்ல கேட்டுச்சுல்ல, எங்க வீட்டுக்கு மருமகளா வர்றியா இல்லையான்னு. நீ 'இன்னும் ரெண்டு படம் மாமி'ன்ன. அன்னையிலேர்ந்து டிவியில படம் ஓடுனாலே போயி நிறுத்திருது. ஒங்கம்மாவும் அதுவும் பேசிக்கிறதே இல்ல. ரெண்டு படத்துனால ரெண்டு வீடு ஊமையாப் போச்சு.

— ஆறு மாசக் கோர்ஸுன்னுதான மச்சான் போனேன்.

— ஆறு மாசம்னுதான் நானும் சொல்லி வச்சேன். கேக்குறவங்ககிட்ட எல்லாம். அஞ்சு காலண்டர் மாத்திட்டேன். 'ஆறு மாசம்'னு மட்டும் மாத்தல.

— சீஃப் வர்றாரு. வாய மூடு. நீங்க கொஞ்சம் நிமிந்து உக்காருங்க.

— என்ன பாப்பா, இன்னும் மெழுகுலயே நிக்கிறே? லைட்டு போவுது பாப்பா. முப்பத்தஞ்சு வருஷ சர்வீஸ்ல இவ்ளோ நேரம் காயத்த யாரும் கொஞ்சினது இல்ல.

— இந்தா முடிச்சுட்டேன் சார்.

— ஓரத்துல கலோடியன் மருந்து போட்டு நல்லா இழுத்துரு. தோல் சுருங்கி உள்ள போவணும், அப்பதான் நெசக் காயம். இந்த மிஸ்ட்ல வெறும் மெழுகு நிக்காது பாப்பா, சொல்லிட்டேன். தம்பி, கொஞ்சம் எரியும். எடுத்தப்புறமும் ரெண்டு நாளைக்குக் கன்னம் செவந்து வடு மாதிரி நிக்கும், பயப்படாத.

— ரெண்டு நாளா சார்?

— ஏன், ஏதாச்சும் விசேஷமா?

— இல்ல சார். இல்ல. சாக்லேட் வாங்க வர்றவங்க என் கன்னத்தையா பாக்கப் போறாங்க? நல்லா இழுத்து விடச் சொல்லுங்க.

— கேட்டியா பாப்பா? ஆளு ரெடி. பத்து நிமிஷத்துல வர்றேன்.

— போயிட்டாரு. போடு புள்ள.

— என்னத்த?

— அந்த மருந்த. எரிஞ்சா எரியட்டும். ஒங்க சீஃப் சேனாதிபதி சாரே சொல்லிட்டாரு. ஒன் பேரு தெரையில வரணும்ல. நம்ம தியேட்டர்ல மொத நாளு நான் மொத வரிசையில உக்காந்து, 'மேக்கப்'னு வந்த ஒடனே விசில் அடிச்சிருவேன். பக்கத்துல எவனாவது மொறைச்சா, 'என் கன்னம்டா அது'ன்னு சொல்லுவேன்.

— கண்ண மூடு.

— மூடிட்டேன்.

— தொறக்கக் கூடாது. நான் சொல்ற வரைக்கும்.

— சரி. ஏ, எரியவே இல்லையே?

— இது நல்ல கம்பெனி. எரியாது.

— அவரு எரியும்னாரு?

— அவரு காலத்துல எரிஞ்சிருக்கும். செவப்பு வைக்கிறேன், அப்புறம் ஓரத்துல கருநீலம். சும்மா இரு.

— கண்ண மூடுனா ஒன் கை எங்க இருக்குன்னு நல்லாத் தெரியுது புள்ள.

— எங்க இருக்கு?

— எடது கன்னத்து எலும்புல. ஏன் அங்கயே நிக்குது?

— அந்தப் பக்கம் ஒனக்கு எலும்பு கொஞ்சம் எறக்கம். வலது பக்கம் ஏத்தம். சிரிச்சா இன்னும் கோணும்.

— இதெல்லாம் எப்பப் பாத்த?

— இன்ஸ்டிட்யூட்ல மொத நாளு, பாக்காம ஒரு மூஞ்சிய வரையச் சொன்னாங்க. எலும்பு, பள்ளம், நெழலு எல்லாம் சரியா இருக்கணும்னாங்க. மத்த எல்லாரும் ஹீரோ, ஹீரோயினு வரைஞ்சாங்க.

— நீ?

— 'யாரும்மா இந்தக் கோண மூஞ்சி'ன்னு மிஸ்ஸு கேட்டாங்க. ஆனா மார்க்குல நான்தான் மொத.

— சப்ரின்...

— ம்.

— சப்ரின், நான் சொல்ல வந்தத சொல்லிடுறேன். இதுக்கு மேல தள்ளிப் போட்டா...

— பேசாத.

— ஒரு நிமிசம்தான்.

— நெத்தியில ரத்தம் வைக்கிறேன். வாயி அசைஞ்சா வழிஞ்சுரும்.

— வழியட்டுமே. ரத்தம்னா வழியத்தான செய்யும்?

— நான் வைக்கிற எடத்துல வழியணும். ஒன் இஷ்டத்துக்கு வழியக் கூடாது.

— ஒனக்கு இந்த வேலை வந்தப்புறம் அதிகாரம் கூடிப்போச்சு.

— கூடலன்னா பொழைக்க முடியாது மச்சான். ஆறு மாசத்துல திரும்பி வந்துருக்கலாம்னு நெனைக்காத நாளில்ல. கொண்டை போட்டு முடிச்சு, ரூமுக்குப் போனா, வேர்வையில பாயே நனைஞ்சு கெடக்கும். வெள்ளனே எந்திரிச்சு பஸ் ஏறிரலாம்னு பையெல்லாம் எடுத்து வைப்பேன். காலையில போன் வரும், 'நாளைக்கு ஒரு மூஞ்சி இருக்கு, வர்றியா'ன்னு. ஓடுவேன். போனா அங்கயும் தலைதான். 'அடுத்த தடவ மூஞ்சி'ம்பாங்க. அந்த அடுத்த தடவைக்குத்தான் அஞ்சு வருசம் போச்சு.

— எனக்குக் கோவமில்ல புள்ள.

— எனக்குத் தெரியும்.

— கோவம் வரும்னு நானும் காத்துக்கிட்டுத்தான் இருந்தேன். கடையில சும்மா உக்காந்திருக்கிற நேரத்துல எல்லாம் முயற்சி பண்ணிப் பாத்தேன். வரல. என் கைராசி அப்பிடி, சாக்லேட்டு மாதிரியே கோவமும் ஒழுங்கா உறையாது. கேளு, இப்பவாவது நான்...

— கண்ணத் தொறந்துக்க. முடிஞ்சுது. கண்ணாடியப் பாரு.

— ஆத்தாடி! இதப் பாத்தா எங்கம்மா மயங்கி விழுந்துரும். நெசமாவே கிழிஞ்ச மாதிரி இருக்கு புள்ள! நீ பெரிய ஆளு!

— தொடாத! கைய எறக்கு. சீஃப் வந்துட்டாரு.

— எங்க, வெளிச்சத்துல திரும்பு தம்பி. கலரு நல்லாருக்கு. ஆழம் நல்லாருக்கு. பரவாயில்லையே பாப்பா... இரு, இரு. ஓரம் ஏன் தூக்குது? மிஸ்ட் பட்டு ரெண்டு நிமிஷம் ஆவல, மெழுகு கெளம்புது பாரு. கலோடியன் போட்டியா?

— இல்ல சார்.

— பாட்டில் கையில குடுத்தேன்ல?

— தோலு ஒத்துக்காதுன்னு தோணுச்சு சார்.

— யாருக்குத் தோணுச்சு? ஆளே இழுத்து விடுன்றான். வந்த ஆளு தோலு மேல ஒனக்கு என்ன பாப்பா இவ்ளோ இரக்கம்? காயத்துக்கு இரக்கப்பட்டா நீ நர்சு வேலைக்குப் போயிருக்கணும்.

— சார், அவங்க மேல தப்பில்ல சார், நான்தான் எரியும்னு பயந்து...

— நீ சும்மா இரு தம்பி. இன்னொரு ஆளு, கந்தவேலு, அவனுக்கு நான் போட்ட காயம் ரெடியா இருக்கு, க்ளோசப்பு அவனுக்குப் போவட்டும். இவரு பின் வரிசையில படுக்கட்டும், மூஞ்சிய அந்தப் பக்கம் திருப்பி. நீ நாளையிலேர்ந்து பழையபடி ஹேர் சைடுல நில்லு பாப்பா. அடுத்த படத்துல பாக்கலாம்.

— சரிங்க சார்.

— போயிட்டாரு. ஏன் புள்ள இப்பிடிப் பண்ண?

— எரியும்ல ஒனக்கு.

— பொய் சொல்லாத. கொதிக்கிற சாக்லேட்டே என் மூஞ்சியில தெறிச்சிருக்கு, அதவிடவா எரிஞ்சுரும்? அஞ்சு வருசம் தலை சீவுனது இந்த ஒரு மூஞ்சிக்குத்தான? வெரசா ஓடு, இப்பப் போட்டுர்றேன்னு அவருகிட்ட சொல்லு. நான் எந்திரிக்க மாட்டேன், இந்த நாற்காலியிலயே கெடக்கேன்.

— வேணாம் மச்சான்.

— ஏன் வேணாம்? நான் இங்க என்ன சொல்ல வந்தேன்னு ஒனக்குத் தெரிஞ்சா இப்பிடிப் பண்ணியிருக்கவே மாட்ட. மூணு தடவ ஆரம்பிச்சேன், மூணு தடவயும் வாய அடைச்ச.

— நெத்தியில ரத்தம் வைக்கும்போது வாயி அசைஞ்சா என்ன ஆவும்?

— வழியும்னு நீதான சொன்ன.

— ஒண்ணும் ஆவாது மச்சான்.

— அப்புறம் ஏன்...

— பின் வரிசையில படுக்க வேற ஆளு கெடைப்பான், நீ வீட்டுக்குப் போ. கண்ண மூடு, தொடச்சு விடுறேன். மொதப் பஞ்சுலயே நலங்குச் சந்தனம் வந்துருச்சு. நாளைக்கு நிக்காஹ்ல உக்காரப் போற கன்னத்துல, என் கையால நான் எப்பிடி வடு வைப்பேன்?