முதல் குட்டி பாத்தியதை

சின்ன நாய்க்கு வைக்கிற சோறு ஆறியிருக்க வேண்டும், ஆனால் ஆறிப்போயிருக்கக் கூடாது. இரண்டுக்கும் நடுவில் இருக்கிற அந்தப் பதத்தைப் பிடிக்கத் தெரிந்தவன்தான் பெக்கினீஸ் வளர்க்க லாயக்கு. கொஞ்சம் பொறுங்கள் ஐயா, இந்தத் தட்டை வைத்துவிட்டு வந்துவிடுகிறேன். நீங்கள் அந்த நாற்காலியில் உட்காரலாம். அதில் படுத்திருப்பவர் இறங்க மாட்டார், சற்று நகர்ந்து கொடுப்பார். அவர் பெயர் சின்னதுரை. போலீஸ்காரர்கள் மேல் அவருக்கு விரோதம் ஒன்றுமில்லை. பூட்ஸ்தான் பிடிக்காது.

ஜெபதாஸ் இறந்ததைப் பற்றிக் கேட்க வந்திருக்கிறீர்கள். அவன் மனைவி விக்டோரியா மனுக் கொடுத்திருக்கிறாள் என்று தெருவே சொல்கிறது. கொடுக்கட்டும், அவளுக்கு அந்த உரிமை உண்டு. நான் எதையும் ஒளிக்கப் போவதில்லை. நாய் வளர்ப்பவன் ஒளித்து என்ன பயன்? எதைப் புதைத்தாலும் மறுநாள் காலையில் வாயில் கவ்விக்கொண்டு வந்து வாசலில் போட்டுவிடும்.

என் அப்பாவுக்கு ரங்கூன் சூரட்டி பஜாரில் துணிக்கடை. துண்டுக்கடியில் விரலைப் பிடித்து விலை பேசுகிற கூட்டத்தின் நடுவில் வளர்ந்தவன் நான். ஒருநாள் சீனத்து அரிசி ஆலைக்காரரின் மனைவி பட்டு வாங்க வந்தார். அப்பா கெஜக்கோலைப் பிடித்துக்கொண்டு, இந்தப் பட்டுக்கு நிகராக ஷாங்காயிலும் கிடையாது என்று சத்தியம் செய்துகொண்டிருந்தபோது, அந்த அம்மாளின் சட்டைக் கை தும்மியது. நான் குனிந்து பார்த்தேன். சட்டைக் கைக்குள்ளிருந்து ஒரு கறுத்த சப்பை முகம், இரண்டு பெரிய கண்களோடு, என் அப்பாவை நம்பாத பார்வை ஒன்று பார்த்தது. அவரை ஒரே பார்வையில் புரிந்துகொண்ட முதல் ஜீவன் அதுதான். அன்றே துணி வியாபாரம் எனக்குக் கசந்துவிட்டது.

நாய் வியாபாரம் சந்தோஷமான வியாபாரம் ஐயா. ஊரில் எல்லோருக்கும் பைத்தியம் பிடித்திருந்த சமயம் அது. மரக் கம்பெனித் துரைசானிகள் மோட்டாரில் வந்து இறங்குவார்கள். கெமண்டைன் பக்கத்து பர்மிய சீமாட்டிகள் தலையில் பூவும் கையில் சுருட்டுமாக வந்து, குட்டியை மல்லாத்திப் போட்டு வயிற்றைத் தட்டி, தர்ப்பூசணி வாங்குவது போலக் காது கொடுத்துக் கேட்பார்கள். துரைசானியிடம் நாயை விற்கவே கூடாது. கொடுக்க மனமில்லை என்று கண் கலங்க வேண்டும். அவளும் கலங்குவாள். இரண்டு பேரும் நன்றாக அழுது முடித்த பிறகு, அவளே ஒரு விலை சொல்லுவாள். அதற்கு மேலும் கொஞ்சம் அழலாம்.

போட்டாதாங்கில் இந்த வீட்டை எடுத்தது, பின்னால் முற்றம் இருக்கிறது, ஆற்றுக் காற்று வருகிறது என்பதற்காக. அடுத்த வீட்டு மா தீன் வாசலில் மொய்ங்கா விற்கிறாள். மீன் சாற்றின் வாசனைக்கு என் நாய்கள் எல்லாம் வரிசையாக வேலியடியில் உட்கார்ந்து பெருமூச்சு விடும். அவள் கரண்டியை ஆட்டிக்கொண்டு, பர்மிய மரியாதையோடு என்னைக் 'கோ' போட்டுத்தான் சொல்வாள்: "கோ நல்லையா, நாய்க்குப் பட்டு மெத்தை, ஒனக்குக் கிழிஞ்ச லுங்கி. போன சென்மத்துல அது எசமான், நீ நாய்." அது உண்மையாகவும் இருக்கலாம்.

பெண் நாய்கள் எல்லாம் என்னுடையவை. ஆண் நாய் மட்டும் ஜெபதாஸுடையது. கப்பல் கம்பெனியில் எழுத்தர், வேதக்கோயில் பாடகர் குழுவில் அவன் குரல்தான் கனத்த குரல், நல்ல மனிதன். ஒரு சீனக் கப்பல் கேப்டன் அவனுக்குக் கொடுத்துவிட்டுப் போன சொத்துதான் இந்தச் சின்னதுரை. ரங்கூனில் இவருக்கு நிகரான சம்பந்தம் வேறு கிடையாது. முகூர்த்த நாளில் மாப்பிள்ளை ரிக்ஷாவில் குடைக்குக் கீழே வருவார். ஜெபதாஸ் பக்கத்தில் வெயிலில் நடந்து வருவான்.

"என்னவே நல்லையா, பொண்ணு ரெடியா?"

"பொண்ணு ரெடி. மாப்பிள்ளைக்குக் கோபமா? மூஞ்சியத் திருப்பிக்கிட்டு இருக்காரே?"

"ரிக்ஷாக்காரன் மூத்திரச் சந்து வழியா கூட்டிட்டு வந்துட்டாம்வே. அவருக்கு அந்தஸ்து போச்சு."

இப்படிச் சிரித்துச் சிரித்துத்தான் எங்கள் தொழில் நடந்தது. நாய்க்காரர்களுக்குள் இதற்குக் கூலி கிடையாது. ஆண் நாய்க்காரனுக்கு முதல் குட்டி பாத்தியதை. குட்டிகள் பால் மறந்ததும் அவன் வந்து, இருப்பதில் எது வேண்டுமோ அதைப் பொறுக்கிக்கொள்வான். அதற்கு இரண்டு கட்டுப்பாடு உண்டு. ஒரு குட்டியையும் மறைத்து வைக்கக் கூடாது. பொறுக்கி முடிக்கும்வரை பெண் நாய்க்காரன் வாயைத் திறக்கக் கூடாது. நல்லது கெட்டது என்று ஒரு வார்த்தை சொன்னாலும் அது தள்ளிவிடுகிற தந்திரம். மீறினவனுக்கு அதோடு சம்பந்தம் முறிந்தது.

ஜெபதாஸுக்குக் கண் நல்ல கண். ஒவ்வொரு ஈற்றிலும் முதல்தரமானதைத்தான் எடுப்பான். நான் உள்ளங்கையில் வைத்து ஊதி ஊதி மூச்சு வரவைத்த குட்டி, அடுத்த வாரம் அவனுடைய மேலதிகாரி வீட்டு சோபாவில் இருக்கும். குட்டி ஒரு படி ஏறினால் அவன் நாற்காலியும் ஒரு படி ஏறும். எனக்கு வருத்தமில்லை, பாத்தியதை பாத்தியதைதான். இப்படித்தான் நடந்துகொண்டிருந்தது, பொன்னி பிறக்கும்வரை.

இதோ, என் மடியில் இருப்பவள்தான். தேன் நிறம், கறுப்பு முகம், காதுமுடி தரையைத் தொடுகிறது பாருங்கள். பிறந்தபோது தேங்காய்ச் சிரட்டையில் படுத்துத் தூங்கினாள். இப்படி ஒரு குட்டி ஒருவன் கையில் ஒருமுறைதான் விழும். இவளைப் பார்த்த அன்றே ஜெபதாஸ் இவளைத்தான் எடுப்பான் என்று எனக்குத் தெரியும். அவன் எடுக்கக் கூடாது. எனக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான் ஐயா, அதற்கு மேல் ஒன்றுமில்லை.

தாய் மகாராணிக்குப் பால் போதவில்லை. பெக்கினீஸ் பெரும்பாலும் அப்படித்தான், பெற்றுப் போட்டதே பெரிய உபகாரம் என்று படுத்துக்கொள்ளும். பொன்னி மட்டும் தாயிடமே குடித்தாள். மற்றக் குட்டிகளுக்கு, மா தீன் சோறு வைக்கிற தெருநாய் கறுப்பியைச் செவிலியாக வைத்தேன். அதுவும் அப்போதுதான் குட்டி இழந்திருந்தது. அன்பாகத்தான் கொடுத்தது. பிறகு ஒருநாள் அதற்குக் கொஞ்சம் உடம்பு சரியில்லாமல் போயிற்று. தண்ணீர்ச் சட்டியைப் பார்த்து உறுமியது. பால் குடிக்க வந்த ஒரு குட்டியை மூக்கில் கடித்துவிட்டு, வேலியைத் தாண்டி ஓடியது. படகுத்துறையில் ஒரு மாட்டுவண்டிச் சக்கரத்தைக் கடித்துக்கொண்டிருந்ததாம், கூலிகள் கட்டையால் அடித்துக் கொன்றுவிட்டார்கள். சரியான மனநிலையில் இருக்கிற நாய் வண்டிச் சக்கரத்தைக் கடிக்காது என்பது எனக்கும் தெரியும்.

கடிபட்ட குட்டிக்கு மண்டையன் என்று பெயர். பெரிய தலை, மந்தமான நிறம். அவனை உடனே உள் அறையில் தனியாக வைத்தேன். என் ஜாக்கிரதையை நீங்கள் கவனிக்க வேண்டும். அவன் தட்டை வேறு எந்த நாயும் நக்கவில்லை. கடி ஆறிவிட்டது, வாலையும் ஆட்டினான். ஆனால் ஜெபதாஸ் பொறுக்க வருகிற ஞாயிற்றுக்கிழமை காலையில், மண்டையன் பாலைத் தொடவில்லை. கீழ்த்தாடை தொங்கிப் போயிருந்தது. எச்சில் நூலாக வழிந்தது. எலும்பு ஏதாவது சிக்கியிருக்குமோ என்று விரலை விட்டுப் பார்த்தேன். எலும்பு இல்லை.

அப்போதே ஒரு சாக்கில் போட்டு ஆற்றில் விட்டிருக்கலாம் என்று நீங்கள் கேட்கலாம். நினைத்தேன். ஆனால் ஒரு குட்டியையும் மறைக்கக் கூடாது என்பது கட்டுப்பாடு. நான் கட்டுப்பாட்டுக்காரன்.

அதனால் மண்டையனைத் துடைத்து, சீப்பால் வாரி, கழுத்தில் சிவப்புப் பட்டு நாடா கட்டி, மெத்தையில் உட்காரவைத்தேன். உள் அறையிலேயேதான். கதவைச் சாத்தினேன், ஒரு சாண் இடைவெளி விட்டு. சூரட்டி பஜாரில் என் அப்பா, விலைபோகாத துணியை மேஜைமேல் போடவே மாட்டார். மேஜைக்கடியில் வைத்து, ஒரு முனை மட்டும் தெரியும்படி காலால் தள்ளுவார். வாங்க வந்தவன் அதைத்தான் கேட்பான்.

ஜெபதாஸ் கோயில் முடிந்து, வெள்ளைக் கோட்டும் பாட்டுமாக வந்தான். மற்றக் குட்டிகள் பாயில் உருண்டுகொண்டிருந்தன. நேராகப் பொன்னியை எடுத்து உள்ளங்கையில் வைத்தான். அப்படியே உருகிப் போனான். நான் அவனைப் பார்க்கவில்லை. உள் அறைக் கதவை ஒரு தரம் பார்த்தேன், உடனே பார்வையை எடுத்துக்கொண்டேன். அவ்வளவுதான்.

"உள்ள என்னவே இருக்கு?" என்றான்.

நான் பேசவில்லை. பேசக் கூடாதே.

"அடப் பாவி. பெரிசா ஏதோ பதுக்கி வச்சிருக்கீரு. இந்தத் தேன்குட்டிய முன்னால ஆட்டிட்டு, உள்ளத உள்ள வச்சிட்டீராக்கும்? ஜெபதாஸ்கிட்டயா?"

பொன்னியை என் மடியில் போட்டுவிட்டு உள்ளே போனான். மண்டையனைப் பார்த்ததும் விசில் அடித்தான். பெக்கினீஸ்காரர்கள் உயிரை விடுவது கீழ்த்தாடைக்குத்தான் ஐயா. அகலமான, முன்தள்ளின, கனமான தாடை. வேறு எவனாவது வந்திருந்தால் அந்தத் தொங்கின வாயைப் பார்த்துச் சீக்கு என்று சொல்லியிருப்பான். ஜெபதாஸுக்கு விஷயம் தெரியும். அதனால் அது அவனுக்கு லட்சணமாகத் தெரிந்தது.

"தாடையப் பாரும்வே, தாடைய! சீமையில கிடையாது இப்படி ஒரு தாடை. எச்சிய வேற ஒழுக்குதான், சிங்கம்." கட்டைவிரலை வாய்க்குள் விட்டு ஈறைத் தடவி, பல்வரிசை பார்த்தான். எப்போதும் அப்படித்தான் பார்ப்பான். முந்தின நாள் சின்னதுரைக்கு நகம் வெட்டும்போது அவன் விரலில் கத்தரி பட்டிருந்தது. குட்டியின் பல்லும் ஒருமுறை கீறியது. "கடிக்கான் பாரு, துரை மகன்!" என்று சிரித்துக்கொண்டே விரலைச் சப்பினான். குட்டி அவன் கையை நக்கிக்கொண்டே இருந்தது. அப்பன் வாசனை கண்டுபிடித்துவிட்டது என்று அவனுக்கு ஒரே பெருமை. பிறகு என்னைப் பார்த்துக் கண்ணடித்தான். "ஒம்ம முகம் ஏன்வே இப்படிப் போச்சு? பிடிச்சிட்டனா?"

அதற்கும் நான் பதில் சொல்லவில்லை. பொறுக்கி முடிந்துவிட்டது, பேசியிருக்கலாம்தான். ஆனால் வியாபாரம் முடிந்தபின் சரக்கைப் பற்றிப் பேசுகிற பழக்கம் எங்கள் குடும்பத்தில் கிடையாது.

குட்டி இரண்டொரு நாளில் செத்தது. ஜெபதாஸ் வீட்டுக் கொய்யா மரத்தடியில் புதைத்தான். துக்கத்துக்குக் கையில் கறுப்புத் துணிகூடக் கட்டிக்கொண்டான் என்று விக்டோரியா சொன்னாள். மழை தொடங்கிய பிறகு ஒருநாள், பாட்டு ஒத்திகையில் தண்ணீர் குடிக்கப் போனவனுக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. ஆஸ்பத்திரியில் நான் போய்ப் பார்த்தேன். ஜன்னலுக்கு வெளியே மழைச் சத்தம் கேட்டாலே உடம்பு தூக்கிப் போட்டது. கட்டிலில் கட்டியிருந்தார்கள். நல்ல குரல் அது. வேறு விதமாக ஆகியிருந்தது. பிறகு விக்டோரியாவுக்கு நாய் முகத்தைப் பார்க்கவே முடியவில்லை. சின்னதுரையை நானே அழைத்து வந்தேன். பாவம், அவருக்கும் வேறு போக்கிடம் இல்லை. இப்போது முதல் குட்டி பாத்தியதை என்று யாரும் வருவதில்லை. வீடு நிம்மதியாக இருக்கிறது.

ஆக, நான் செய்தது என்ன என்று நீங்களே நிதானமாக யோசித்துப் பாருங்கள். நான் அவனை அடிக்கவில்லை. அந்தக் குட்டியை எடு என்று சொல்லவில்லை. ஆரோக்கியமான குட்டி என்றும் சொல்லவில்லை. பொன்னியைக் காப்பாற்றினேன். நாயைப் பெற்ற பிள்ளையாக வளர்க்கிறவனுக்கு அது புரியும்.

இன்னும் ஒன்று இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். குட்டியைப் புதைத்த மறுநாள் சாயங்காலம் அவன் இங்கே வந்தான். நீங்கள் உட்கார்ந்திருக்கிற அதே நாற்காலி. சின்னதுரை அவன் மடியில். அவன் முகத்தில் அன்றைக்குப் பாட்டு இல்லை.

"நல்லையா, அந்தக் குட்டி பல்லு லேசா பட்டுச்சுல்லா? ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லி விக்டோரியா நிக்கா. போகணுமாவே?"

"பால்பல்லுக்கு எவம்வே ஊசி போட்டிருக்கான்?" என்று கேட்டேன். அது கேள்விதானே. "போகணும்னா போம். வயித்துல போடுவான், தெனம் ஒண்ணு, ரெண்டு வாரத்துக்கு. ஆனா அங்க போனதும் மொத கேள்வி, வீட்டுல வேற நாய் உண்டாங்கிறதுதான். உண்டுன்னா முனிசிபாலிட்டி ஆளு வந்து கூட்டிட்டுப் போவான்."

இதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. அவன் சின்னதுரையின் காதைத் தடவினான். அணைத்துக்கொண்டான். "அது வேண்டாம்வே," என்றான். எழுந்தபோது கொஞ்சம் லேசானவனாக இருந்தான், என்னைக் கேலி செய்கிற அளவுக்கு.

"ஆமா, நீரு எதுக்கு வயித்தப் பிடிச்சிட்டுப் புள்ளத்தாச்சி மாதிரி உக்காந்திருக்கீரு?"

அன்று காலையிலும் நான் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டுத்தான் வந்திருந்தேன். கெமண்டைனில் ஒரு தெருநாய் கடித்தது என்று சொல்லி, ஞாயிற்றுக்கிழமை அவன் குட்டியோடு படியிறங்கிய சூட்டோடு போய் ஆரம்பித்த ஊசி. தொப்புளைச் சுற்றி நன்றாக வீங்கியிருந்தது. மா தீன் கடை மொய்ங்கா ஒத்துக்கொள்ளவில்லை என்று அவனிடம் சொன்னேன்.

இந்த விவகாரம் முழுவதிலும் நான் அவனிடம் சொன்ன பொய் அது ஒன்றுதான் ஐயா. மனசு கேட்காமல் மா தீனிடம் போய் மன்னிப்பும் கேட்டுவிட்டேன். அவள் மொய்ங்காவில் ஒரு குறையும் கிடையாது.