மூன்றாவது எண்

மாலை ஏழு மணி. மழை அப்போதுதான் விட்டிருந்தது. இரண்டு பக்கமும் மரங்கள், நடுவில் ஒற்றைச் சாலை... கடைசி வீட்டைத் தாண்டி வெகுநேரம் ஆகியிருந்தது.

யாருக்குச் சொன்னாலும் இது தோழியின் அண்ணனுக்கு நடந்தது என்றுதான் தொடங்குவேன். இன்று கரண்ட் போய், நாம் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறோம். மாற்றிச் சொல்ல மனம் வரவில்லை. அவன் என் அண்ணன்.

வீட்டில் அவனுக்கு ஜட்ஜ் என்று பெயர். எல்லாவற்றுக்கும் தீர்ப்புச் சொல்வான், யார் சொல்லையும் கேட்க மாட்டான். பெட்ரோலிலும் பேட்டரியிலும் ஓடும் அந்தப் பழைய ஹைப்ரிட் காரை, வேண்டாம் என்று என் கணவர் சொன்ன மறுநாளே வாங்கிவிட்டான். அந்த மாதிரி வண்டிகளைப் பழுது பார்ப்பதுதான் என் கணவருக்கு வேலை.

அன்று அவர் ஓட்டினார். நான் முன்னால். அண்ணன் பின்சீட்டில் வலது ஓரமாக, காலை நீட்டிக்கொண்டு.

"முதலாளிக்கு ஏசி போதுமா?" என்றார் கணவர்.

"பேசாம ரோட்டப் பாருங்க மாப்ள."

டக்... என்று எங்கோ ஒரு சத்தம். மஞ்சள் விளக்கு எரிந்தது. வண்டி ஊர்ந்து நின்றது. பின்சீட்டுக்கு அடியில் பேட்டரியின் விசிறி மட்டும் ஸ்ஸ் என்று சுற்றிக்கொண்டிருந்தது. சூடான தூசி வாசனை.

கணவர், வண்டியின் கோளாறைக் காட்டும் கையடக்க ஸ்கேனரை மாட்டினார். பேட்டரி பின்சீட்டின் கீழே இருக்கிறது. அதன் சூட்டைப் பார்க்க மூன்று சென்சார்கள், மூன்று பேர் உட்காரும் இடத்துக்கு நேர் கீழே. முதல் எண் இருபத்து நான்கு டிகிரி. இரண்டாவதும் அதே. மூன்றாவது, அண்ணனுக்கு நேர் கீழே இருப்பது, முப்பத்தேழு. இவ்வளவு வித்தியாசம் இருந்தால் வண்டி ஓடாது, மூன்றும் ஒன்றாக வந்தால்தான் ஓடும் என்றார்.

டிக்கிப் பக்கமாகப் போய் மூன்றாவது சென்சாரின் ஒயரைக் கழற்றினார். ஒயர் கழன்றால் திரையில் மைனஸ் நாற்பது வரவேண்டும். அது அவர்கள் வேலையின் பாலபாடம். நான் வீட்டில் இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசாவிட்டால், "என்ன, மைனஸ் நாப்பது காட்டுது, ஒயர் புடுங்கிட்டியா?" என்பார்.

திரையைப் பார்த்தேன். முப்பத்தேழு.

அண்ணனை இறங்கச் சொன்னார். மைனஸ் நாற்பது. உட்காரச் சொன்னார். முப்பத்தேழு. கணவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "உங்க வெயிட்டுக்கு உள்ள ஏதோ ஒயர் ஒட்டுது மச்சான். கண்டுபிடிச்சிரலாம். நான் சொல்ற வரைக்கும் அசையாம இருங்க."

அவர் டிக்கிக்குள் தலையை விட்டுக்கொண்டார். நான் ஸ்கேனரைப் பிடித்து எண்ணைப் படிக்க வேண்டும்.

முப்பத்தாறு, என்றேன். கொஞ்ச நேரத்தில் முப்பத்து நான்கு.

"இறங்குதா? அப்ப சரியான எடத்துலதான் கை வெச்சிருக்கேன்."

அண்ணன் குளிர்கிறது என்றான். ஏசி அப்போதே நின்றுபோயிருந்தது. வண்டிக்குள் ஒரு வாசனை... பழைய இரும்பை நக்கினால் வருமே, அது. இறங்கிவிடட்டுமா என்று கேட்டான். எதையும் யாரிடமும் கேட்டறியாதவன்.

"கொஞ்சம் பொறுங்க மச்சான். எறங்கினா மறுபடி மொதல்லேருந்து."

முப்பது. இருபத்தெட்டு. அண்ணன் ஏதோ சொல்ல வந்தான். நாக்கு குழறியது. "பேசாதீங்க, நம்பர் ஆடுது," என்றார் கணவர். அண்ணன் வாயை மூடிக்கொண்டான். வாழ்க்கையில் முதன்முறையாகச் சொன்ன பேச்சைக் கேட்டான்.

இருபத்தாறு. இருபத்தைந்து...

இருபத்து நான்கு.

"மூணும் ஒண்ணாயிடுச்சு!" டிக்கியை அடித்து மூடிவிட்டு வந்தார். மஞ்சள் விளக்கு அணைந்திருந்தது. டக். வண்டி கிளம்பியது. ஒயர் எதையுமே ஒட்டவைக்கவில்லையே, தானாகவே சரியாகிவிட்டது என்று ஆச்சரியப்பட்டபடி ஓட்டினார். அவ்வளவு சந்தோஷம் அவர் முகத்தில். ஜட்ஜ் இன்னும் தீர்ப்புச் சொல்லவில்லையே என்றுகூடக் கேட்டார்.

முதல் வளைவில், பின்னால் கண்ணாடியில் டொக் என்று ஒரு சத்தம். அண்ணனின் தலை.

நான் பின்னால் ஏறி, நடுவில் உட்கார்ந்து, அவனை மடியில் சாய்த்துக்கொண்டேன். மழையில் கிடந்த கல் மாதிரி இருந்தான். கணவர் ஹாரனை அழுத்திப் பிடித்தபடி ஆஸ்பத்திரிக்கு விரட்டினார். ஸ்கேனர் முன்சீட்டில் கிடந்தது, வெளிச்சத்தோடு. இரண்டாவது எண் முப்பத்தேழு. மஞ்சள் விளக்கு மறுபடி எரிந்தது, ஆனால் இந்த முறை வண்டி நிற்கவில்லை.

பார்க்கக் கூடாது என்று நினைத்தேன். பார்த்தேன். முப்பத்தாறு... அண்ணனைக் கீழே விட்டு முன்னால் தாவ முடியவில்லை. இறக்கிவிடச் சொல்ல வாயெடுத்தேன். நாக்கு குழறியது. ஆஸ்பத்திரி வாசலில் வண்டி நின்றபோது மூன்றும் ஒன்றாகியிருந்தன.

அண்ணனை உள்ளே கொண்டுபோனார்கள். வெளியே வந்த டாக்டர் என்னைப் பார்க்காமல் கணவரிடம் பேசினார். என்னை ஒரு கட்டிலில் உட்கார வைத்தாள் நர்ஸ். மானிட்டரின் சூடு பார்க்கும் ஒயரை என் அக்குளில் வைத்துத் திரையைப் பார்த்தாள். ஒயரை மாற்றினாள். பக்கத்துக் கட்டிலிலிருந்து இன்னொன்று கொண்டுவந்தாள்.

"மூணும் ஒண்ணாத்தான் காட்டுது, இருபத்து நாலு," என்றாள் தனக்குள். பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தாள். "நல்லாத்தான உக்காந்திருக்கீங்க. சென்சார்தான் கோளாறு."

எனக்கு அதற்குப் பிறகு குளிர்ந்ததே இல்லை. பக்கத்தில் உட்காருகிறவர்கள்தான், கொஞ்ச நேரத்தில்... போர்வை கேட்பார்கள்.