பெட்டிக்குள் இருந்த என் நம்பர்

கையெழுத்து வாங்கிய அன்று எங்கள் வீட்டு முன்னறையில் இருந்தவர்கள் நான், என் மகன், மருமகள், பேத்தி, பேத்தி வேலை பார்க்கும் கம்பெனியின் முதலாளி. வேறு யாரும் இல்லை. என் வயது எழுபத்திரண்டு. இந்த வாக்குமூலத்தின் மேலே எழுதிய முகவரியில் மகனுடன் வசிக்கிறேன். மூன்றாம் வகுப்போடு நின்றவள். ஆனால் காதில் விழுந்ததை மறக்கிற வழக்கம் எனக்கு இல்லை.

பேத்தி வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வேலை செய்கிறாள். ஒரு கடையின் இணையதளத்துக்காகப் பட்டன், கட்டம் என்று தனித்தனித் துண்டுகளாகச் செய்து வைத்திருந்தாள். அதன் பிறகு முதலாளி, அதே துண்டுகளைக் கோத்து, யாரும் தங்கள் இணையதளத்தில் ஒரே வரியில் ஒட்டிக்கொள்ளும்படி, 'உடனே அழைக்க' என்று ஒரு சிறு பெட்டி செய்யச் சொன்னார். சோதித்துப் பார்க்க ஒரு நம்பர் வேண்டியிருந்ததால், மனப்பாடமாகத் தெரிந்த என் நம்பரை அதற்குள் போட்டாள். ஒட்டுகிறவர் தன் நம்பரைக் கொடுக்காவிட்டால் என் நம்பரே தெரியும் என்று அவளே கண்டுபிடித்து முதலாளியிடம் போனில் சொன்னாள். ஸ்பீக்கரில் பேசியதால் நானும், பக்கத்தில் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்த என் மகனும் கேட்டோம்.

"நம்பர் இல்லன்னா பெட்டியே தெரியாத மாதிரி மாத்திடறேன் சார்."

"பெட்டி தெரியலன்னா வாங்கினவன் நம்மளத்தான் திட்டுவான். இப்படியே போகட்டும்மா."

அதன் பிறகு எனக்கு அழைப்புகள் வந்தன. பூட்டுத் திறக்க, கரையானுக்கு மருந்தடிக்க, நாய்க்கு முடி வெட்ட. என் தலையைச் சீவவே எனக்குக் கை எட்டவில்லை என்று நாய்க்காரரிடம் சொன்னேன். பேத்தி மறுபடியும் முதலாளியிடம் சொல்லிப் பார்த்தாள்.

அதன் பிறகு ஒரு பகலில் ஒருவர் அழைத்து, அம்மாவுக்கு வாய் கோணிவிட்டது, ஆம்புலன்ஸ் அனுப்புங்கள் என்றார். ஆம்புலன்ஸ்காரரும் நம்பர் கொடுக்காமலே பெட்டியை ஒட்டியிருக்கிறார். இது வீடு என்றேன். "விளையாடாதீங்க, இந்த நம்பர்தான் போட்டிருக்கு" என்று வைத்துவிட்டு, மறுபடி அழைத்தார். மறுபடியும் நான்தான் எடுத்தேன். கடைசியில் வாடகை வண்டியில் கொண்டுபோனதாகவும், அந்த அம்மாளுக்கு இன்னும் பேச்சு வரவில்லை என்றும் அவர் போலீசில் புகார் கொடுத்த பிறகுதான் தெரிந்துகொண்டேன்.

அதன் பிறகு முதலாளி வீட்டுக்கு வந்தார். நம்பர் தன் கவனக்குறைவால் உள்ளே நின்றுவிட்டது, முதலாளிக்கு எதுவும் தெரியாது என்று பேத்தி எழுதித் தர வேண்டும் என்றார். அவள் மாட்டேன் என்றாள். முதலாளி என் மகனைப் பார்த்தார். மகன் சொன்னான்: "அவ சொன்னதா எனக்கு ஞாபகம் இல்ல. சின்னதுலேருந்தே இவ அசட்டைதான். கையெழுத்துப் போடும்மா."

மருமகள், குடித்து முடிக்காத காபித் தம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். குழாய் ரொம்ப நேரம் ஓடியது. பேத்தி அப்பாவைப் பார்த்துக்கொண்டே கையெழுத்துப் போட்டாள்.

உங்களிடம் உள்ள அந்தக் காகிதம் பொய். முதலாளி மேல் எனக்குப் பகை உண்டா என்று கேட்டீர்கள். அவர் தன் கம்பெனியைப் பார்த்துக்கொண்டார், அவரைச் சட்டம் பார்த்துக்கொள்ளட்டும். இதை எனக்குப் படித்துக் காட்டினார்கள். நான் சொன்னபடியே இருக்கிறது, யாரும் சொல்லிக்கொடுத்ததல்ல. நான் யாரை மன்னிக்க மாட்டேன் என்பது வழக்குக்குத் தேவையில்லை என்கிறீர்கள். இருக்கட்டும், என் கையெழுத்துக்கு மேலே எழுதுங்கள்.

என் மகன்.