லேபிளில் ஒரு ‘என்’

மேட்டுப்பாளையத்திலிருந்து வந்த டெம்போவில், மடியில் சோப்புப் பெட்டியோடு எனக்கெதிரே ஒரு தம்பதி. மனைவிதான் ஆரம்பித்தாள்.

“பிரான்ஸ் முழுக்க நான் உங்க பொண்டாட்டின்னா சோப்பு லேபிள்ல எழுதி அனுப்பினீங்க?”

“‘பெண்கள் கையால செஞ்சது’ன்னுதான் எழுத நெனச்சேன். பிரெஞ்சுல பொண்ணுக்கும் பொண்டாட்டிக்கும் ஒரே வார்த்தை. முன்னாடி ‘என்’னு ஒண்ணு சேந்து, ‘என் பொண்டாட்டி கையால செஞ்சது’ன்னு ஆயிடுச்சி.”

“அங்க கடைக்காரரு திட்டினாரா?”

“இல்ல. அதப் படிச்சிட்டுத்தான் ஜனங்க வாங்குறாங்களாம். லேபிள மாத்தாதீங்க, இந்தத் தடவ ரெண்டு மடங்கு அனுப்புங்கன்னு கேட்டிருக்காரு.”

“ரெண்டு மடங்குன்னா பக்கத்து வீட்டு செல்வியையும் ஸ்டெல்லாவையும் வேலைக்குச் சேக்கணும். அப்ப அவங்களும் உங்க பொண்டாட்டியா?”

டெம்போவே சிரித்தது. அவர் மட்டும் பெட்டியைத் தடவிக்கொண்டிருந்தார்.

“அவங்க செய்யுற சோப்புல அவங்க பேரப் போடுவோம். நீ செய்யுறதுல இதுவே இருக்கட்டும்.”

சாரம் ஸ்டாப் நெருங்கும்போது அவள் அவர் பக்கம் சாய்ந்தாள்.

“எங்க, அந்த லேபிள ஒருவாட்டி வாய்விட்டுப் படிங்க.”

“இத்தினி பேரு முன்னாடியா?”

“பிரான்ஸுக்கே சொல்லிட்டீங்க. எங்கிட்ட சொல்ல என்ன வெக்கம்?”