அவரு நின்ன நாலு நிமிஷம்

இல்ல சார், நீங்க உக்காருங்க. நாற்காலி அது ஒண்ணுதான் இருக்கு, நான் தரையில உக்காந்துக்கறேன். எங்க வீட்டுக்காரரை அப்புறம் பாக்கலாம், உள்ளதான் படுத்திருக்காரு, எங்க ஓடிடப் போறாரு? மறுவிசாரணைக்குன்னு வந்திருக்கீங்க, முதல்ல நான் சொல்றதைக் கேளுங்க. ஊனமுற்றோர் உதவித்தொகைக்கு மனு குடுத்துட்டு பதினோரு மாசமா உங்க ஆபீஸ் ஜன்னல்ல பேசிப் பேசித் தொண்டை காஞ்சு போச்சு. எப்பப் போனாலும் ஒரே பதில், ஃபைல் மேல போயிருக்கும்மா. எவ்வளவு மேல சார் போகும்? எங்க வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக், அவருக்கே அத்தனை மாடி தெரியாது.

அந்தச் சத்தமா? ஒண்ணுமில்ல, விடுங்க.

மாசச் செலவு எப்படி ஓடுதுன்னு தாள்ல கேட்டிருக்கா? எழுதிக்கோங்க. தரையில நாலு தடம் தெரியுதுல்ல, அது ஃப்ரிட்ஜ் நின்ன இடம். மூணு மாச வாடகையாப் போயிடுச்சு. ஃபேக்டரியிலருந்து சட்டை வாங்கிட்டு வந்து பட்டன் தைக்கறேன், அதுல கரண்ட்டும் கேஸும். பொண்ணுக்கு ஸ்கூல் பஸ்ஸை நிறுத்தியாச்சு. அவளுக்கு நடக்கத்தான் பிடிக்குமாம். பத்து வயசுல என்னமா பொய் சொல்றா பாருங்க. மாத்திரை மூணு வேளைக்கு எழுதியிருக்காரு டாக்டர், நான் ராத்திரிக்கு மட்டும் குடுக்கறேன். பகல்ல பல்லைக் கடிச்சுக்கறாரு. என்ன சார், பேனாவை நிறுத்திட்டீங்க? அதையும் எழுதுங்க.

ஏன் தள்ளுபடி பண்ணாங்கன்னு என்கிட்டயா கேக்கறீங்க? உங்க கையில இருக்கற ஃபைல்லதானே இருக்கு. கொஞ்சம் சத்தமாப் படிங்க. வசதியான குடும்பம், விண்ணப்பதாரர் எழுந்து நின்று வரவேற்றார். எனக்கு மனப்பாடம் சார் அது.

வசதியாம்! உங்களுக்கு முன்னாடி வந்தாரே அந்தக் கண்ணாடிக்காரர், அவரு உக்காந்த சோபா எதிர்வீட்டோடது. டீ குடிச்ச கப்பு மாடி அக்காவோடது. ஜன்னல் திரையை என் தங்கச்சி வீட்டுலருந்து கழட்டிட்டு வந்தேன். ஆபீசர் ஒருத்தர் வீடு தேடி வர்றாரு, ஓட்டாண்டியாவா காட்டிக்கறதுன்னு நினைச்சோம். இல்லேன்னு மனு போட்டுட்டு, எல்லாம் இருக்கற மாதிரி வேஷம் கட்டினோம். எங்களை மாதிரி கிறுக்குங்க எங்கயாவது உண்டா, சொல்லுங்க.

ஆனா அந்த மனுஷனுக்கும் கண்ணு இருக்குல்ல? ஊன்றுகோலைப் பிடிச்சுக்கிட்டு நின்ன எங்க வீட்டுக்காரர் கால் வெடவெடன்னு நடுங்கினது தெரியலையா? சட்டை முதுகோட ஒட்டிப் போற அளவுக்கு வேர்த்து ஊத்துச்சே, அதாவது தெரியலையா? நாலு நிமிஷம் சார். கண்ணாடிக்காரர் டீயை ஊதி ஊதிக் குடிச்சு, தாளைத் திருப்பித் திருப்பி எழுதி முடிக்கற வரைக்கும் இவரு நின்னாரு. உக்காருங்கன்னு ஒரு வார்த்தை வரலை அந்த வாயிலருந்து. அந்தாளு படி இறங்கினதும் இவரு அப்படியே மடங்கி விழுந்தாரு. லிஃப்ட் குழியில விழுந்து உடைஞ்ச அதே முதுகு. ஆறு வாரம் ஒருக்களிச்சுக்கூடப் படுக்க முடியலை. அந்த ஆறு வாரத்துக்கு ஒரு பட்டன் தைக்கலை நான், அவரைப் பாத்துக்கறதே வேலையாப் போச்சு. அதுலதான் ஃப்ரிட்ஜ் போனது.

மறுபடியும் சத்தம் கேக்குதா? கேக்கட்டும்.

சரி, சொல்லிடறேன். அவருதான் கட்டிலைத் தட்டறாரு. ஊன்றுகோல் வேணுமாம். நீங்க வர்றீங்கன்னு விடிஞ்சதுமே படுத்தபடி ஷேவ் பண்ணிக்கிட்டு, எந்திரிச்சே தீருவேன்னு ஒரே பிடிவாதம். நான் அதை பீரோவுல வெச்சுப் பூட்டிட்டேன். சாவி இதோ, என் இடுப்புல.

கண்ணாடிக்காரர் வந்த அன்னைக்கு இவரு படுத்தே இருக்கேன்னுதான் சார் சொன்னாரு. நான்தான் கத்தினேன். ஆபீசர் வர்றப்ப படுத்துக்கிட்டா இருப்பீங்க, மரியாதையா எந்திரிச்சு நில்லுங்கன்னு அக்குள்ல கை குடுத்துத் தூக்கி நிறுத்தினது நான்தான்.

வாங்க, உள்ள போலாம். எந்திரிக்க முடியலை, தப்பா நினைச்சுக்காதீங்கன்னு உங்ககிட்ட மன்னிப்புக் கேப்பாரு. அதை ஒரு எழுத்து விடாம எழுதிக்கோங்க.